பூட்லோடர் போச்சா?

48, 32.

ஆர்டுவினோ ஊனோ பலகையில் புதிய நிரலை ஏற்றும்போது கணினி முதலில் அனுப்புவது இந்த இரண்டு எண்களைத்தான். எழுத்துக்குறிகளாக வாசித்தால் ஒரு பூஜ்யமும் ஓர் இடைவெளியும். 'இருக்கிறாயா?' என்பது இதன் பொருள். பலகையிலுள்ள சிப் 20, 16 என்று சொன்னால் 'இருக்கிறேன், மேலே சொல்' என்று அர்த்தம். அதன்பின் சில நொடிகளில் நிரல் ஏறிவிடும். பதில் வராவிட்டால், ஏற்றும் வேலையைச் செய்யும் ஏவிஆர்டியூட் மென்பொருள் பத்து முறை கேட்டுப் பார்க்கும். அப்போதும் சரியான பதில் கிடைக்கவில்லையென்றால் 'நாட் இன் சிங்க்' என்று திரையில் வரிவரியாகக் கொட்டிவிட்டு விலகிக்கொள்ளும்.

அந்த வரிகளைப் பார்த்ததும், இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர் குழுவில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பூட்லோடர் போச்சுடா!" பலகை மேசை ஓரத்துக்குப் போகும். புதிது வாங்க இன்னொருவர் கிளம்புவார்.

ரொம்ப அவசரமான தீர்ப்பு. ஏற்ற முடியாமல் போவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினால் பூட்லோடர் அழிந்துபோவது அநேகமாகக் கடைசியில்தான் வரும். அது ஏன் அவ்வளவு சுலபத்தில் சாகாது என்பதைத் தெரிந்துகொண்டால், உண்மையான குற்றவாளியைத் தேடும் வழியும் தெளிவாகிவிடும்.

ஊனோவின் மூளை ஏடிமெகா 328பி என்னும் சிப். அதிலுள்ள ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட். அந்த நினைவகத்தின் கடைசி மூலையில் வெறும் 512 பைட்டில் ஆப்டிபூட் என்ற பூட்லோடர் இருக்கிறது. (இந்த ஒரு பத்தியைத் தமிழில் கணினியில் சேமிக்கவே அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும்.) ரீசெட் ஆனதும் முதலில் ஓடுவது அதுதான். சீரியல் தடத்தில் யாராவது 48, 32 என்கிறார்களா என்று ஏறத்தாழ ஒரு நொடி காத்திருக்கும். யாரும் பேசாவிட்டால், ஏற்கெனவே ஏற்றிவைத்த நிரலை ஓடவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சிப்பின் பூட்டு பிட்கள் இந்த 512 பைட் பகுதியை எழுத முடியாதபடி அடைத்து வைத்திருக்கின்றன. எனவே யூஎஸ்பி வழியாக எவ்வளவு மோசமான நிரலை ஏற்றினாலும் அதனால் பூட்லோடரைத் தொட முடியாது. நிரல் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டாலும் சரி, நினைவகத்தைக் கன்னாபின்னாவென்று கலக்கினாலும் சரி, அடுத்த ரீசெட்டில் முதலில் எழுவது ஆப்டிபூட்தான்.

அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ரீசெட் பொத்தானைத் தட்டி, 13ஆம் காலோடு இணைந்த 'எல்' விளக்கைப் பார்த்தால் போதும். விளக்கு சில முறை சடசடவென்று சிமிட்டினால் ஆப்டிபூட் வேலை செய்கிறது என்று பொருள். அதற்குப் பிறகும் 'பூட்லோடர் போச்சு' என்று சொல்பவரிடம் விளக்கைக் காட்டலாம்.

அப்படியானால் பேச்சு எங்கே அறுபடுகிறது?

கணினியிலிருந்து சிப் வரை அந்த 48 கடக்கும் பாதை நீளமானது. முதலில் ஏவிஆர்டியூட், பிறகு இயங்குதளத்தின் டிரைவர், யூஎஸ்பி கேபிள், பலகையில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் தனி சிப், அதற்குப் பிறகுதான் 328பி. அசல் ஊனோவில் மாற்றும் வேலையைச் செய்வது ஏடிமெகா 16யு2. மலிவு விலை நகல்களில் பெரும்பாலும் சிஎச் 340. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் வருவது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான புலம்பல்தான். பதில் வரவில்லை என்பது மட்டுமே ஏவிஆர்டியூட்டுக்குத் தெரியும். எங்கே தொலைந்தது என்று அதனால் சொல்ல முடியாது.

பாதையைப் பாதியாக வெட்டிப் பார்ப்பதுதான் வழி. ஊனோவில் ரீசெட் காலை ஒரு கம்பியால் கிரவுண்டோடு இணைத்துவிட்டால் 328பி மயக்கத்திலேயே இருக்கும், குறுக்கே பேசாது. பிறகு 0, 1 எண்ணிட்ட கால்களை இன்னொரு கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, சீரியல் மானிட்டரைத் திறந்து ஏதாவது தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் டிரைவர், கேபிள், 16யு2 ஆகிய மூன்றும் நலம். தவறு அதற்கு அப்பால் இருக்கிறது. திரும்பவில்லையென்றால் 328பி நிரபராதி. இரண்டு துண்டுக் கம்பி கொடுக்கும் இந்தத் தகவலை எந்தப் பிழைச் செய்தியும் கொடுப்பதில்லை. சோதனை முடிந்ததும் கம்பிகளைக் கழற்ற மறந்துவிட்டு ஏற்ற முயல்பவர்களும் உண்டு. அப்போது ஏவிஆர்டியூட் 'பதிலாக வந்தது பதினாறடிமான 30' என்று காட்டும். பத்தடிமானத்தில் அது 48. தான் கேட்ட கேள்வியே பதிலாக வந்து நிற்கிறது!

பதிலாக வரும் அந்த எண் கவனிக்க வேண்டிய ஒன்று. பூஜ்யமே வந்துகொண்டிருந்தால் அநேகமாக எதிர்முனை முழு மௌனம். வேறு வேறு எண்கள் வந்தால் யாரோ பேசுகிறார்கள், ஆனால் எதிர்பார்த்த மொழியில் இல்லை. வெப்பநிலையை விடாமல் அச்சிட்டுக்கொண்டிருக்கும் பழைய நிரல், ரீசெட் ஆகாமல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். கணினி நலம் விசாரிக்க, பலகை இன்றைய வெப்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

முதல் பாதியில் அகப்படும் குற்றவாளிகளில் பலரும் அற்பமானவர்கள். தலைமைக் குற்றவாளி கேபிள். யூஎஸ்பி 2 கேபிளில் நான்கு கம்பிகள்: 5 வோல்ட், கிரவுண்ட், தரவுக்கு இரண்டு. ஃபோன் சார்ஜரோடும் பவர் பேங்கோடும் வரும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே கிடையாது. பலகையில் பச்சை விளக்கு அழகாக எரியும், கணினிக்கோ எதுவும் செருகப்பட்டதாகவே தெரியாது. போர்ட் பட்டியலில் புதிதாக எதுவும் முளைக்கவில்லையென்றால், எதையும் மறுபடி நிறுவுவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் மலிவான சிகிச்சை.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. உபுண்டுவில் சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி பெற்றவர்கள் 'டயல்-அவுட்' என்ற குழுவின் உறுப்பினர்கள் மட்டுமே. தொலைபேசி மோடம் காலத்தில் வைத்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. அந்தக் குழுவில் பெயரைச் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் சரியாகிவிடும். இரண்டாவது தொல்லை விசித்திரமானது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்காக பிஆர்எல்டிடிஒய் என்றொரு மென்பொருள் லினக்ஸில் உண்டு. சில பிரெய்ல் திரைகளுக்குள்ளும் சிஎச் 340 போன்ற பொது மாற்றிச் சிப்களே இருப்பதால், யூஎஸ்பி அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்கிறது. உபுண்டு 22.04 வெளியானபோது, மலிவு ஆர்டுவினோ நகலைச் செருகியவுடன் 'பிரெய்ல் திரை வந்துவிட்டது' என்று நினைத்து இந்த மென்பொருள் போர்ட்டைப் பறித்துக்கொண்டது. செருகிய ஓரிரு கணத்தில் போர்ட் தோன்றி மறைவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். பிரெய்ல் திரை இல்லாதவர்கள் அந்த மென்பொருளை நீக்கினார்கள், பலகை பேசத் தொடங்கியது.

விண்டோஸ் உலகில் நடந்தது இதைவிடச் சூடான கதை. கிளாஸ்கோ நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி 232 என்ற மாற்றிச் சிப்பை உலகெங்கும் நகல் எடுத்து விற்றார்கள். 2014ஆம் ஆண்டு அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகப் பரவியது. செருகப்பட்டது போலிச் சிப் என்று தெரிந்தால், அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி எழுதியது அந்த டிரைவர். அதன்பிறகு அந்தச் சிப்பைக் கணினி அடையாளம் காணவில்லை. தம்மிடம் இருப்பது போலி என்றே தெரியாமல் வாங்கிய சாதாரண மக்களின் கருவிகள் முடங்கின, எதிர்ப்பு கிளம்பியது, டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. 2016இல் அதே நிறுவனம் வேறு உத்தியைக் கையாண்டது. போலிச் சிப்பில் தரவுக்குப் பதிலாக 'இது அசல் அல்ல' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் வந்து விழுந்தது. தன் பொருளைப் பாதுகாக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை உண்டுதான். ஆனால் அதற்காக வாங்கியவரின் மேசையில் இருக்கும் கருவியைக் கெடுப்பது நியாயம் என்று சொல்வது கடினம். நகல்காரர்கள் பலரும் சிஎச் 340 பக்கம் சாய்ந்திருப்பதால், இன்று இந்தக் குழப்பம் குறைவு.

இரண்டாம் பாதிக்கு வருவோம். இங்கே கதாநாயகன் ஒரு கெபாசிட்டர்.

பூட்லோடர் கேட்டுக்கொண்டிருப்பது ரீசெட்டுக்குப் பிறகான அந்தச் சிறு இடைவெளியில் மட்டும்தான் என்று பார்த்தோம். ஆரம்பகால ஆர்டுவினோ பலகைகளில் ரீசெட் பொத்தானைக் கையால் அழுத்தி, அழுத்திய கையோடு கணினியில் அப்லோட் பொத்தானையும் தட்ட வேண்டும். 2007இல் வந்த டியெசிமிலா பலகை இந்த அவஸ்தையை முடித்துவைத்தது. சீரியல் தடங்களில் டிடிஆர் என்று ஒன்று உண்டு. மோடம்கள் ஆண்ட காலத்தில் 'முனையம் தயார்' என்று மோடத்துக்குச் சொல்வதற்காக வைத்த கம்பி அது. மோடம் போன பிறகு சும்மா கிடந்த அந்தத் தடத்தை, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ரீசெட் காலோடு இணைத்தார்கள். கணினி போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் தாழும். கெபாசிட்டர் அந்த மாற்றத்தை மட்டும் ஒரு கணம் கடத்தி ரீசெட்டை இழுத்துவிடும். அடுத்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று ரீசெட் காலை மறுபடி மேலே தூக்கிவிடும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். டிடிஆர் தாழ்ந்தே இருந்தாலும் பலகை ரீசெட்டில் முடங்காது.

இந்தக் குட்டிப் பாகத்தைப் புரிந்துகொண்டால் பல புதிர்கள் அவிழும். சீரியல் மானிட்டரைத் திறக்கும்போதெல்லாம் நிரல் ஏன் முதலிலிருந்து தொடங்குகிறது? போர்ட் திறந்தது, கெபாசிட்டர் ரீசெட்டைத் தட்டியது. தனியாக வாங்கிய யூஎஸ்பி மாற்றியை ஆர்டுவினோ புரோ மினியில் இணைத்தால் ஏன் ஏறுவதில்லை? மாற்றியில் டிடிஆர் காலை இணைக்காமல் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பழைய வைத்தியம் இன்றும் பலிக்கும்: ரீசெட்டை அழுத்திப் பிடித்து, ஏவிஆர்டியூட் பேசத் தொடங்கும் கணத்தில் விட வேண்டும்.

0, 1 எண்ணுள்ள கால்களில் புளூடூத், ஜிபிஎஸ் மாதிரியான துணைப் பலகைகளைச் செருகியபடியே ஏற்ற முயல்வது இன்னொரு வழக்கமான சிக்கல். 16யு2வுக்கும் 328பிக்கும் இடையே ஒவ்வொரு தடத்திலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. ஜிபிஎஸ் பலகை தன் அனுப்பும் காலை நேரடியாக 0ஆம் காலில் இணைத்திருந்தால், ரெசிஸ்டர் வழியாக வரும் கணினியின் குரலைவிட அதன் குரலே ஓங்கும். யூஎஸ்பி விளக்குகளில் 'ஆர்எக்ஸ்' சிமிட்டும், 'டிஎக்ஸ்' இருண்டே கிடக்கும். கணினி பேசுகிறது, சிப்புக்குக் கேட்கவில்லை. துணைப் பலகையின் கம்பியைக் கழற்றிவிட்டு ஏற்றினால் தீர்ந்தது.

வேகமும் பொருந்த வேண்டும். சீரியல் தொடர்பில் கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. கச்சேரியில் பாடகரும் ரசிகரும் தனித்தனியாகத் தாளம் போட்டபடி ஒரே அடியில் வந்து சேர்வதுபோல, இரண்டு முனைகளும் தங்கள் சொந்தக் கடிகாரத்தை வைத்து பிட்களை எண்ணிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எழுத்தின் தொடக்கத்திலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்குவதால் சிறு பிசகுகள் பொறுத்துக்கொள்ளப்படும். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் நொடிக்கு 115200 பிட் என்ற வேகத்தைத் துல்லியமாகப் பெறவே முடியாது. கிடைப்பது 117647, ஏறத்தாழ 2 சதவீதம் அதிகம். பத்து பிட் கொண்ட ஓர் எழுத்தின் முடிவில் இந்த வித்தியாசம் ஒரு பிட்டின் ஐந்தில் ஒரு பங்காகச் சேரும். பாதியைத் தாண்டாததால் குழப்பம் இல்லை. அதிலும் ஊனோவில் 16யு2வும் அதே 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால், இரண்டு பேரும் ஒரே அளவு தவறி ஒத்துப்போகிறார்கள்!

ஆனால் வேகமே வேறானால் பொறுக்க இடமில்லை. ஆர்டுவினோ நானோ பலகையில் நீண்ட காலம் இருந்தது 2 கிலோபைட் இடம் பிடிக்கும் பழைய பூட்லோடர். அது பேசும் வேகம் 57600. 2018 தொடக்கத்திலிருந்து அசல் நானோக்கள் 115200 வேகத்தில் பேசும் புதியதோடு வரத் தொடங்கின. நகல் தயாரிப்பாளர்களோ பழையதையே தொடர்ந்து பதித்துக்கொண்டிருந்தார்கள். இதனால் ஆர்டுவினோ மென்பொருளின் 'புராசசர்' பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' என்று ஒரு தேர்வு சேர்ந்தது. நகல் நானோ ஏறவில்லை என்றால் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். 'போச்சு' என்று குப்பைக்குப் போன நானோக்களில் எத்தனையோ, ஒரே ஒரு மெனு சொடுக்கில் பிழைத்திருக்கும்.

பூட்லோடரே குற்றவாளியாக நின்ற வழக்கும் உண்டு. ஆர்டுவினோ மெகா 2560 பலகையின் பூட்லோடருக்குள், அதை எழுதியவர்கள் சோதனைக்காக ஒரு சிறு கண்காணிப்பு வசதியை வைத்திருந்தார்கள். தொடர்ந்து மூன்று ஆச்சரியக்குறி வந்தால் அது விழித்துக்கொள்ளும். ஏற்றப்படும் நிரலுக்குள்ளேயே அந்த மூன்று குறிகள் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. திரையில் உற்சாகமாக 'வணக்கம்!!!' என்று காட்ட நினைத்த நிரல் பாதியில் தொங்கி நின்றது. இரண்டு ஆச்சரியக்குறியோடு நிறுத்திக்கொண்டால் ஒழுங்காக ஏறியது. கம்பியையும் டிரைவரையும் மணிக்கணக்கில் மாற்றிப் பார்ப்பவருக்குத் தன் உற்சாகம்தான் காரணம் என்று எப்படித் தோன்றும்?

உண்மையாகவே பூட்லோடர் இல்லாமல் போவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான். ஒன்று, கடையில் வாங்கிய வெற்றுச் சிப்பைப் பலகையில் பொருத்துவது. தொழிற்சாலையிலிருந்து வரும் 328பியில் பூட்லோடர் கிடையாது. கடிகாரமும் உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி அமைந்திருக்கும். இன்னொன்று, புரோகிராமர் கருவி மூலம் நேரடியாக நிரலை ஏற்றுவது. அந்த வழி முதலில் சிப் முழுவதையும் துடைக்கும், பூட்டு பிட்களும் சேர்ந்து போய்விடும். நிரல் நன்றாகவே ஓடும். அடுத்த முறை யூஎஸ்பி வழியாக முயலும்போதுதான் பதில் சொல்ல ஆளில்லை என்பது தெரியவரும்.

மீட்பதும் பெரிய காரியமில்லை. நல்ல ஊனோ ஒன்றில் 'ஆர்டுவினோ ஐஎஸ்பி' என்ற மாதிரி நிரலை ஏற்றினால் அதுவே புரோகிராமர் ஆகிவிடும். அதன் 11, 12, 13ஆம் கால்களைப் பாதிக்கப்பட்ட பலகையின் அதே கால்களோடும், 10ஆம் காலை அதன் ரீசெட்டோடும் இணைத்து, 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் சேர்த்து, 'பர்ன் பூட்லோடர்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். இங்கேயும் பழைய கெபாசிட்டர் குறுக்கே வரும். கணினி போர்ட்டைத் திறந்ததும் புரோகிராமராக வேலை செய்யும் ஊனோவே ரீசெட் ஆகி, அதனுடைய ஆப்டிபூட் விழித்துப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். அந்த ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் செருகினால் போதும், சிறியவர் தரும் தட்டலைப் பெரியவர் விழுங்கிவிடுவார். முதலில் நிரலை ஏற்றிவிட்டுப் பிறகுதான் இதைச் செருக வேண்டும். வரிசையை மாற்றினால் அந்த நல்ல ஊனோவிலும் நிரல் ஏறாது.

இஎஸ்பி 32 பலகைகளில் கதை வேறு. அங்கே முதல்நிலை பூட்லோடர் சிப்பின் ரோம் நினைவகத்தில் அழிக்க முடியாதபடி பதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் 'போச்சு' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் 'கனெக்டிங்' என்று புள்ளிகளாக நீண்டு கடைசியில் நேரம் கடந்துவிட்டதாகச் சொல்வது அன்றாடக் காட்சி. ரீசெட்டிலிருந்து விடுபடும் கணத்தில் ஜிபிஐஓ 0 என்ற கால் தாழ்ந்திருந்தால் மட்டுமே இந்தச் சிப் புதிய நிரலை ஏற்கும். உயர்ந்திருந்தால் பழையதையே ஓட்டும். பலகையிலுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் டிடிஆர், ஆர்டிஎஸ் தடங்களைக் கொண்டு அந்தக் காலையும் ரீசெட்டையும் சரியான வரிசையில் இழுக்க வேண்டும். சில பலகைகளில் இந்த நேரக்கணக்கு மயிரிழையில் தவறுகிறது. புள்ளிகள் ஓடத் தொடங்கியதும் 'பூட்' பொத்தானை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் விரலைக் கொடுக்க விரும்பாதவர்கள் 'இஎன்' காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு கெபாசிட்டரைப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

ஜிபிஐஓ 12 இன்னும் தந்திரமானது. இஎஸ்பி 32 விழிக்கும்போது அந்தக் காலைப் பார்த்துத்தான் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட் கொடுப்பதா, 1.8 வோல்ட் கொடுப்பதா என்று முடிவு செய்கிறது. அதில் இணைத்த சென்சார் ஏதாவது காலை மேலே தூக்கியிருந்தால், 3.3 வோல்ட் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட்தான் போகும். பலகை மறுபடி மறுபடி ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். சென்சாரை வேறு காலுக்கு மாற்றுவது ஒரு வழி. ஃபிளாஷுக்கு எப்போதும் 3.3 வோல்ட்தான் என்று சிப்பின் உள்ளே இருக்கும் இ-ஃபியூஸை ஒரு கட்டளையால் எரித்துவிடுவது இன்னொரு வழி. அந்தக் கட்டளை உறுதி கேட்டு நிற்கும். எரித்த பிட்டை மறுபடி பழையபடி ஆக்க முடியாது என்பதால், பலகையில் இருப்பது உண்மையிலேயே 3.3 வோல்ட் ஃபிளாஷ்தானா என்று பார்த்துக்கொண்டுதான் 'சரி' சொல்ல வேண்டும்.